ஐந்து வகை லூப், ஒரு பழைய போன்: ஜாவாஸ்க்ரிப்ட் வேகத்தை அளந்த பதிவு

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கும் ஒரு கடையின் விற்பனை அறிக்கைப் பக்கம், இப்போது கணக்குப்பிள்ளையின் பழைய ஆண்ட்ராய்ட் போனில் அமத்தியவுடனே திறக்கிறது. முன்பு மாதத்தை மாற்றினால் எட்டு செக்கனுக்கு மேல் திரை உறைந்து நிற்கும். இதைச் சரிப்படுத்தப் போன வழியில், ஜாவாஸ்க்ரிப்டில் ஒரு அரேயை (வரிசையாக அடுக்கிய தரவுப் பட்டியல்) உறுப்பு உறுப்பாகச் சுற்றிவரும் முறைகளை, அதாவது லூப்புகளை, ஒவ்வொன்றாக அளக்க வேண்டி வந்தது. எந்த எண் நம்பத்தக்கது, எது கண்ணைக் கட்டியது என்பதை நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

பக்கத்தின் வேலை எளிது. ஒரு வருடப் பில் வரிகள் சுமார் 40,000 ஒரேயடியாக வந்து இறங்கும். சரக்கு வகைகள் ஏறத்தாழ 600. மாதத்தைத் தெரிவு செய்தால் ஒவ்வொரு சரக்கும் எத்தனை கிலோ போனது, எவ்வளவு பணம் வந்தது என்று ஓர் அட்டவணை வர வேண்டும். பல வருடங்களாகப் பலர் கை வைத்த கோட் (நிரல்). ஓரிடத்தில் பழைய ஃபார் லூப், இன்னோரிடத்தில் ஃபார்-இன், அடுத்த பக்கத்தில் ஃபார்ஈச், அதற்குள்ளே ஃபில்டர், மேப், ரிட்யூஸ் என்று சங்கிலி.

“தம்பி, மாசத்தை மாத்தினா ஒண்டும் வருகுதில்லை. ரெண்டாந்தரம் அமத்தினா எல்லாம் நிண்டுபோகுது” என்றார் கணக்குப்பிள்ளை ஐயா. “எந்தப் போன்ல பாக்கிறீங்கள் ஐயா?” என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். 2 ஜிபி நினைவகம். என் மடிக்கணினியில் இதே பக்கம் ஒரு செக்கனுக்குள் வந்துவிடும். அதனால்தான் இதுவரை யாரும் கவனிக்கவில்லை.

கருவிகளும் செலவும்

அதே தரத்தில் பாவித்த போன் ஒன்று பம்பலப்பிட்டியில் 12,000 ரூபாய்க்குக் கிடைத்தது. குரோம் பிரவுசரின் டெவ்டூல்ஸ் என்ற சோதனைக் கருவியில் மெதுவாக்கும் வசதி உண்டுதான். ஆனால் அது மடிக்கணினியின் வேகத்தை வகுத்துக் காட்டும், போனின் சிறிய கேஷையோ (சிப்புக்குள் இருக்கும் வேக நினைவகம்) சூடேறும் குணத்தையோ காட்டாது. கையில் உண்மையான போன் இருப்பதற்கு ஈடில்லை. யுஎஸ்பி வயருக்கு 650 ரூபாய். வீட்டில் கிடந்த வயர் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகை, அதில் டேட்டா போகாது. போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து யுஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, மடிக்கணினிக் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்திலிருந்து போனில் ஓடும் பக்கத்தை நேரடியாக அளக்கலாம். தனி லூப் சோதனைகளுக்கு மடிக்கணினியில் நோட் (பிரவுசர் இல்லாமலே ஜாவாஸ்க்ரிப்டை ஓட்டும் மென்பொருள்).

முதல் கோப்பு

10 லட்சம் முழு எண்கள் கொண்ட ஓர் அரே. அதைக் கூட்டும் ஐந்து ஃபங்ஷன்கள் (பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் கோட் துண்டுகள்): சாதாரண ஃபார், ஃபார்-ஆஃப், ஃபார்ஈச், ரிட்யூஸ், ஃபார்-இன். ‘அளவிடு’ என்று ஒரு பொது ஃபங்ஷன், இவற்றை ஒவ்வொன்றாக வாங்கி ஓட்டி நேரத்தை அச்சிடும்.

ஃபார்-இன் கடைசியில் வந்தது எதிர்பார்த்ததே. மற்ற நான்கின் வரிசை நிலைக்கவில்லை. சோதனைகளைத் தலைகீழாக அடுக்கி ஓட்டினால் வேறொன்று முதலில் வந்தது. அடுக்கை மாற்றினால் வெற்றியாளரும் மாறுகிறார் என்றால், அந்தச் சோதனை அளப்பது லூப்பை அல்ல, அடுக்கைத்தான்.

காரணம் வி8 எஞ்சின் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. குரோமும் நோடும் பயன்படுத்தும் இந்த எஞ்சின், கோட் வரிகளை முதலில் இக்னிஷன் என்ற இன்டர்ப்ரெட்டரில் மெதுவாக ஓட்டும். அடிக்கடி ஓடும் பகுதியைக் கண்டுகொண்டதும் டர்போஃபேன் என்ற கம்பைலர் அதை எந்திர மொழிக்கு மாற்றும். 2017 முதல் இந்த இரட்டை அமைப்பு. பின்னர் 2021இல் ஸ்பார்க்பிளக், 2023இல் மேக்லெவ் என்று இடையில் இரண்டு படிகள் சேர்ந்தன. ஆகவே முதல் சுற்றுகளின் எண், எஞ்சின் சூடேறும் நேரத்தின் எண்.

இன்னொரு சிக்கல் என் ‘அளவிடு’ ஃபங்ஷனிலேயே இருந்தது. அது ஒரேயொரு ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப அழைக்கும்வரை, கம்பைலர் அந்த ஃபங்ஷனின் உடலை அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதிவிடும். இரண்டாவது ஃபங்ஷன் வந்ததும் அந்த ஊகம் பொய்யாகி, எழுதியதைத் தூக்கிப் போட்டு மீண்டும் தொடங்கும். அதன்பின் ‘இங்கே எதுவும் வரலாம்’ என்று ஊகிப்பதையே நிறுத்திவிடும். ஐந்தாவதாக வருபவர் முதலாமவருக்குக் கிடைத்த சலுகை இல்லாமல் ஓடுகிறார். இணையத்தில் கிடைக்கும் லூப் ஒப்பீடுகளில் பல இந்த அமைப்பில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்கொன்று முரணாக அவை சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

கூட்டுத்தொகையை எங்கும் பயன்படுத்தாமல் விட்டால், அந்தக் கூட்டலையே தேவையற்றதென்று நீக்கிவிடக் கம்பைலருக்கு உரிமை உண்டு. வெற்று லூப்பை அளந்துவிட்டுக் கூட்டலை அளந்ததாக நம்பக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சுற்றின் தொகையையும் சேர்த்து வைத்து முடிவில் அச்சிட வைத்தேன். ஐந்து முறைகளும் ஒரே தொகையைச் சொல்கின்றனவா என்ற சரிபார்ப்பும் அதிலேயே கிடைத்தது.

இரண்டாம் அமைப்பு

ஒவ்வொரு லூப்புக்கும் தனிக் கோப்பு, தனி நோட் ப்ராசஸ். ஒரு சிறு ஸ்க்ரிப்ட் அவற்றைக் குலுக்கிய வரிசையில் தொடக்கும். தொடக்கச் சுற்றுகள் எண்ணிக்கையில் சேராது. மிச்சத்திலிருந்து நடு எண்ணையும் மிகக் குறைந்த எண்ணையும் மட்டும் எடுத்தேன். சராசரியைக் கைவிட்டேன், குப்பை சேகரிப்பு (பயன்படாத நினைவகத்தை எஞ்சின் திரும்ப எடுப்பது) ஒரு சுற்றில் குறுக்கிட்டால் போதும், சராசரி எங்கோ போய்விடும்.

நேரம் பார்க்க நோடில் நனோசெக்கன் தரும் எச்ஆர்டைம் இருக்கிறது. பிரவுசரில் நிலைமை வேறு. நுண்ணிய நேரங்களை அளந்து ரகசியத் தகவலைத் திருட வழிவிடும் ஸ்பெக்டர் பாதுகாப்பு ஓட்டை 2018 ஜனவரியில் வெளியானபின், பிரவுசர்கள் தங்கள் பர்ஃபார்மன்ஸ்-நவ் கடிகாரத்தை வேண்டுமென்றே மழுக்கின. சாதாரணப் பக்கமொன்றில் குரோம் 100 மைக்ரோசெக்கன் படிகளில்தான் நேரம் சொல்லும், ஃபயர்ஃபாக்ஸ் 1 மில்லிசெக்கன் படியில். 40,000 எண்களைக் கூட்ட மடிக்கணினிக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். அதை ஒரு தடவை ஓட்டி அளந்தால் பூச்சியம் அல்லது ஒரு படி, இரண்டில் ஒன்றுதான் விடை. அதனால் பிரவுசரில் அளக்கும்போது நூற்றுக்கணக்கான சுற்றுகளை ஒரே மூச்சில் ஓட்டி, மொத்த நேரத்தை வகுத்தேன்.

பிறகு வெக்கை. வெள்ளவத்தையில் ஏப்ரல் பின்னேரம் ஃபிளாட்டின் அறைக்குள் மடிக்கணினி தொடக்கத்தில் சொல்லும் எண்ணும், கொஞ்ச நேரம் ஓடியபின் சொல்லும் எண்ணும் ஒன்றல்ல. சிப் சூடேற வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கரண்ட் போய் பற்றரியில் ஓடினாலும் அதே கதை. போன் இன்னும் மோசம்: சார்ஜில் இருந்தபடி அளந்தால் சார்ஜின் சூடும் சேரும். விடியற்காலையில் அளந்தேன், மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தேன். ஆனால் உண்மையில் கைகொடுத்தது வேறொரு ஏற்பாடு. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் சாதாரண ஃபார் லூப்பை அளவுகோலாக ஓட்டுவேன். அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் 5 வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், நடுவிலுள்ள எண்ணை எறிந்துவிடுவேன். எறிந்தவை கொஞ்சமல்ல.

வந்த எண்கள்

மடிக்கணினியில் 10 லட்சம் எண்களுக்குச் சாதாரண ஃபார் 1 மில்லிசெக்கனை ஒட்டி நின்றது. ஃபார்-ஆஃப் அதற்கு மிக அருகில். தனி ப்ராசஸில் தனியாக ஓடும்போது ஃபார்ஈச்சும் ரிட்யூஸும் பெரிதாகப் பின்தங்கவில்லை, ஏனெனில் டர்போஃபேன் அவற்றையும் விரித்து எழுதிவிடுகிறது. அதே ஃபார்ஈச்சைப் பல இடங்களிலிருந்து பல வகை அரேக்களோடும் பல ஃபங்ஷன்களோடும் வரும் பொது உதவிக் ஃபங்ஷனுக்குள் வைத்தால், ஐந்து மடங்குக்கு மேல் இறங்கியது. ஆக, ஃபார்ஈச்சுக்கு என்று ஒரு வேகம் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் கோடுக்குத்தான் வேகம்.

லென்த்தை (அரேயின் நீளம்) முன்கூட்டியே ஒரு மாறியில் எடுத்து வைப்பது, பின்னாலிருந்து முன்னுக்கு எண்ணுவது என்ற பழைய யோசனைகளையும் அளந்தேன். என் கருவிகளில் அளவுகோலின் சொந்த ஆட்டத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தில் அவற்றுக்குப் பொருள் இருந்தது. இன்று அதற்காக வாசிக்கச் சிரமமான கோட் எழுத வேண்டியதில்லை என்பது என் முடிவு.

ஃபார்-இன் நூறு மடங்குக்கு மேல் மெதுவாக இருந்தது. அது அரேயின் உறுப்புகளை எடுப்பதற்காகச் செய்யப்பட்டதே அல்ல, ஓர் ஆப்ஜெக்டின் பண்புப் பெயர்களைத் தருவதற்கானது. எனவே 0, 1, 2 என்ற இடங்களை முதலில் எழுத்துச் சரங்களாக மாற்றித் தருகிறது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு துண்டில் இலக்கம் எழுதி, துண்டை வாசித்து, பிறகு போய் அந்த மூட்டையைத் தேடுவது போன்ற வேலை. வேகத்தை விடுங்கள், விடையே பிழைக்கும். கடையின் பழைய அச்சுப் பிரதிகளில் வரிசை இலக்கங்கள் 01, 11, 21, 31 என்று போவதைக் கணக்குப்பிள்ளை ஐயா எடுத்துக் காட்டினார். அது இதன் வேலைதான்: இடம் சரமாக வருவதால் அதோடு ஒன்றைக் கூட்டும்போது கூட்டல் நடக்கவில்லை, ஒட்டல் நடந்திருக்கிறது. பின்னர் யாரோ சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். ஃபார்-இன் அப்படியே கிடந்தது.

போனில் ஃபார்-ஆஃப் ஏன் தடுமாறியது

இதுதான் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி. நோடில் ஃபாருக்கு அருகில் நின்ற ஃபார்-ஆஃப், கடையின் பக்கத்துக்குள் வைத்துப் போனில் அளந்தபோது மூன்று நான்கு மடங்கு மெதுவாக வந்தது. பழைய போன் என்பதால் இருக்கும் என்று முதலில் எடுத்துக்கொண்டேன். ஆனால் அதே போனில் வெறும் பக்கமொன்றைத் திறந்து, அதே ஃபங்ஷனை நேரடியாக ஓட்டினால் நன்றாக ஓடியது. ஒரே போன், ஒரே குரோம், இரண்டு வேகம்.

பில்ட் செய்த கோப்பை, அதாவது எழுதிய கோட் போனுக்குப் போகுமுன் மாற்றப்பட்டு வரும் கோப்பைத் திறந்து தேடினேன். நான் எழுதிய ஃபார்-ஆஃப் அங்கே இல்லை. பேபல் என்ற மாற்றும் கருவி அதை, 2009இல் வந்த ஈஎஸ்5 என்ற மொழிப் பதிப்பின் காலப் பிரவுசர்களுக்கும் புரியும்படி மாற்றியிருந்தது. ஃபார்-ஆஃப் 2015இல்தான் மொழிக்குள் வந்தது. பழைய இலக்கு வைத்தால் அதற்குப் பதிலாக ஓர் உதவிக் ஃபங்ஷன் இட்டரேட்டரை (உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது) உண்டாக்கும், ஒவ்வொரு அடிக்கும் அதன் அடுத்த-உறுப்பு ஃபங்ஷனை அழைக்கும், முழு லூப்பையும் பிழை பிடிக்கும் ட்ரை-கேட்ச்-ஃபைனலிக்குள் பொதிந்து வைக்கும். நான் அளந்தது அந்த மூட்டையை. டைப்ஸ்க்ரிப்டின் (ஜாவாஸ்க்ரிப்டின் வகை சேர்த்த வடிவம்) கம்பைலர் ஈஎஸ்5 இலக்கில் வழக்கமாக இதையே சாதாரண ஃபார் லூப்பாக மாற்றிவிடும். எனவே எந்தக் கருவி பில்ட் செய்கிறது என்பதைப் பொறுத்தும் வேகம் மாறும்.

கடையில் உள்ள போன்கள் எல்லாவற்றிலும் குரோம் தானாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஈஎஸ்5 இலக்குக்குத் தேவையே இல்லை. பில்ட் அமைப்பில் பிரவுசர் இலக்கை உயர்த்தியதும் ஃபார்-ஆஃப் ஃபாருக்கு அருகில் வந்து நின்றது, கோப்பின் அளவும் குறைந்தது. இனி எழுதிய கோட் வரிகளை அளக்க மாட்டேன். போனுக்குப் போய்ச் சேரும் கோட் வரிகளைத்தான் அளப்பேன்.

அரேக்குள் என்ன கிடக்கிறது

தொகைகள் சர்வரிலிருந்து சரங்களாக வந்தன. டேட்டாபேஸில் டெசிமல் வகையில் வைத்தால் நோடின் பல டிரைவர்கள் துல்லியம் போய்விடக்கூடாதென்று சரமாகவே தரும். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு லூப்பிலும் ஒவ்வொரு தடவையும் அதை எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தோம். திருப்பியெடுத்த சரக்கு வரிகளில் ‘நல்’ என்ற வெற்று மதிப்பு வேறு. எண்ணும் சரமும் நல்லும் கலந்த அரேயை வி8 பொதுவகையாகத்தான் வைத்திருக்கும். எல்லாம் சிறு முழு எண்களாக இருந்தால் அதற்கென்று தனிச் சிக்கன வகை உண்டு. ஒரு தடவை பொதுவகைக்குப் போன அரே, பிறகு எண்களை மட்டும் வைத்தாலும் பழைய வகைக்குத் திரும்பாது.

டேட்டா வந்து இறங்கியதுமே ஒரேயொரு தடவை எல்லாத் தொகைகளையும் சதமாக மாற்றி, முழு எண்களாக வைத்தேன். 64 பிட் குரோமில் சிறு முழு எண்ணுக்கு 31 பிட் இடம். அதாவது சுமார் 107 கோடி சதம், ஒரு கோடியே ஏழு லட்சம் ரூபாய் வரை. இந்தக் கடையில் ஒரு பில் வரி அதைத் தொடாது. மொத்தத் தொகை தாண்டும், தாண்டினால் டபிளாக (பெரிய, பின்ன எண்களுக்கான வகை) மாறிக்கொள்ளும், பிழை வராது. ரூபாயைப் பின்ன எண்ணாகக் கூட்டும்போது வரும் கடைசிச் சத வித்தியாசமும் இதோடு ஒழிந்தது. வேகத்துக்காகச் செய்ததைவிட, இந்தச் சத வித்தியாசம் போனதுதான் ஐயாவுக்குப் பெரிய ஆறுதல்.

பக்கம் உண்மையில் வேகமானது எங்கே

ஃபார்-இன்னை நீக்கி, இலக்கை உயர்த்தி, சதமாக்கிய பிறகும் எட்டு செக்கனில் ஏறத்தாழ ஏழு குறையாமல் நின்றது. போனில் பர்ஃபார்மன்ஸ் பதிவெடுத்துப் பார்த்தால், அகலமான பட்டை எதுவும் லூப்பின் பெயரில் இல்லை.

மிகப் பெரியது இன்னர்எச்டிஎம்எல் (பக்கத்தின் ஒரு பகுதியின் உள்ளடக்கத்தைச் சரமாக எடுக்கவும் மாற்றவும் உதவுவது). ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரியை அட்டவணையின் இன்னர்எச்டிஎம்எல்லோடு ஒட்டிக்கொண்டே போயிருந்தார்கள். ஒவ்வொரு ஒட்டலுக்கும் பிரவுசர் அதுவரை இருந்த அட்டவணை முழுவதையும் சரமாக்கி, புது வரியைச் சேர்த்து, முழுவதையும் மீண்டும் அலசிக் கட்டும். 600ஆவது வரிக்காக 599 வரிகளை மறுபடி கட்டுகிறது. வரிகளை ஓர் அரேயில் சேர்த்து, முடிவில் ஒரே தடவை இணைத்து வைத்ததும் ஐந்து செக்கனுக்கு மேல் குறைந்துவிட்டது.

அடுத்தது ஃபார்ஈச்சுக்குள் ஃபில்டர். 600 சரக்குகளில் ஒவ்வொன்றுக்கும் 40,000 வரிகளையும் சலித்தால் 2 கோடியே 40 லட்சம் ஒப்பீடுகள். உள்ளே இருந்த ஃபில்டரை ஃபார் லூப்பாக மாற்றிப் பார்த்தேன்; நேரம் பாதிக்கு அருகில் வந்தது, அதற்குமேல் இறங்கவில்லை. பிறகு வரிகளை ஒரேயொரு தடவை சுற்றி, சரக்கு இலக்கத்தைச் சாவியாக வைத்து மேப் ஆப்ஜெக்டில் (சாவிக்கு ஒரு மதிப்பு வைக்கும் பெட்டகம்; சங்கிலியில் வந்த மேப் அல்ல) தொகைகளைச் சேர்த்தேன். 2 கோடியே 40 லட்சம் 40,000 ஆனது. அந்தப் பட்டையே பதிவில் காணாமல் போனது. அந்த ஒரு சுற்றை ஃபார்-ஆஃபிலேயே எழுதியிருக்கிறேன். ஃபாரில் எழுதினாலும் போனில் வித்தியாசம் அளக்க முடியவில்லை.

மூன்றாவது, தொகைக்குக் காற்புள்ளி போட ஒவ்வொரு கட்டத்திலும் டு-லோக்கல்-ஸ்ட்ரிங்கை ஆப்ஷன்களோடு அழைத்தது. ஒவ்வொரு அழைப்பிலும் வடிவமைப்பான் ஒன்று புதிதாக உருவாகிறது. இன்டல்-நம்பர்ஃபார்மட் ஒன்றை லூப்புக்கு வெளியே ஒரு தடவை செய்து, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் போதும். அரை செக்கனுக்கு மேல் மிச்சம். திகதி ஒப்பிடுவதிலும் இதே வகைச் செலவு இருந்தது. திகதிகள் வருடம்-மாதம்-நாள் வரிசையில் சரமாகவே வருவதால், முதல் ஏழு எழுத்துகளை ஒப்பிட்டால் மாதம் கிடைத்துவிடும். டேட் ஆப்ஜெக்ட் தேவைப்படவில்லை.

இப்போது போனில் மாதம் மாற்ற 0.3 செக்கனுக்குள். மொத்தச் செலவு 12,650 ரூபாய், அதில் போன் அடுத்த வேலைகளுக்கும் உதவும்.

அடுத்த முறை வேறு வரிசையில் தொடங்குவேன்: முதல் நாளே உண்மையான போனில் ஒரு பர்ஃபார்மன்ஸ் பதிவு, பிறகு பில்ட் ஆன கோப்பை ஒரு தடவை கண்ணால் வாசிப்பது, அதன் பிறகே லூப்புகளின் ஒப்பீடு. ஒப்பீடு வீண் என்று சொல்லவில்லை. அதைச் செய்யாமல் விட்டிருந்தால் பேபலின் உதவிக் ஃபங்ஷனை நான் திறந்தே பார்த்திருக்க மாட்டேன். கோடில் ஃபார்-ஆஃபை வழக்கமாக்கியிருக்கிறேன், ஏனென்றால் இடையில் பிரேக் போட்டு வெளியேறலாம், உள்ளே அவெயிட் போட்டால் உண்மையிலேயே காத்திருக்கும். ஃபார்ஈச்சில் இரண்டும் முடியாது. அரேயில் ஃபார்-இன் எழுதினால் ஈஎஸ்லின்ட் என்ற கோட் சரிபார்ப்பான் தடுக்கும்படி விதி சேர்த்தாயிற்று. ஐயா இப்போது இருப்புப் பக்கத்தைக் காட்டுகிறார். அங்கே ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்துகிறார்கள். முதல் பர்ஃபார்மன்ஸ் பதிவைக் கடையிலிருந்தே எடுத்து வந்துவிட்டேன்.